சொல்லை நீக்கி வெளிவந்த பாட்டு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், தாம்பரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், கொரிய நாட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் ராக் இசை விழா ஒன்று. அழைப்பிதழில் இதனைக் கண்ட நண்பர்கள் சிலர், இலக்கிய வட்டத்திற்கும் மின்கிட்டாருக்கும் என்ன உறவு என்று வினவினர். நியாயமான வினாதான். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் சங்கப் பாடலைப் பேசியிருக்கிறோம்; புதுக்கவிதையைப் பேசியிருக்கிறோம்; மொழிபெயர்ப்புக் கவிதைக்கென்றே தனிக் கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். பாட்டைப் பேசியதில்லை. திரைப்பாடல் பற்றி ஓரிரு கூட்டங்கள் நடந்தன. அவையும் பழம்பாடல்களை நினைந்து மகிழ்ந்த மாலைகளாகவே முடிந்தன. ஒருவர் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடும் பாட்டு நம் கண்ணில் படவில்லை. நம் ஊரில் அப்படிப் பாடுகிறவர்கள் இல்லாமல் இல்லை. நாம் அவர்களைக் கவிதையின் உறவினராகக் கருதவில்லை, அவ்வளவே. இதைச் சொல்லக் கொரியா வரை ஏன் போக வேண்டும் என்பதை இனிச் சொல்கிறேன்.

கொரியா நமக்கு அவ்வளவு தொலைவும் அன்று. ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து தாம்பரத்திற்கு மேற்கே போகும் சாலைகளின் முகமே மாறிவிட்டது. ஒரகடத்திற்கும் திருப்பெரும்புதூருக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் நம் தெருக்களிலேயே குடியிருக்கிறார்கள். 2006 முதல் 'இன்கோ' என்னும் இந்திய-கொரியப் பண்பாட்டு மையம் சென்னையில் இயங்கிவருகிறது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் கொரியத் தொடர்களைப் பார்க்கிறார்கள்; பி.டி.எஸ். குழுவின் பாடல்களைப் பொருள் தெரியாமலே அடிபிறழாமல் பாடுகிறார்கள். நம் தேவாரமும் அவ்வாறே மனப்பாடமாயிற்று என்பதால் நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மின்னும் நடனப் பாடல்களுக்கு அடியில், அவற்றினும் மூத்ததாக, வேறொரு பாட்டு மரபு அந்நாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய நிறுவனத்தின் பயிற்சிக்கூடத்தில் வளராமல், சிறு குழுவாகச் சேர்ந்து, சொந்தச் சொல்லைச் சொந்தக் குரலில் பாடுவது. ஆங்கிலத்தில் 'இண்டி' என்பர். நம் இதழ்கள் 'சுயாதீன இசை' என்று எழுதுகின்றன. எனக்கு அச்சொல்லில் அவ்வளவு பற்றில்லை; எனினும் வழக்கிற்கு வந்துவிட்டதால் அதையே ஆள்கிறேன்.

அம்மரபினர் கூடும் பெரிய விழா, இஞ்சியோன் நகரத்துப் 'பென்டாபோர்ட்' ராக் விழா. அதன் பிறப்பு வேடிக்கையானது. 1999ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று, இஞ்சியோனின் சோங்தோ பகுதியில் 'டிரைபோர்ட்' என்ற பெயரில் இரண்டு நாள் விழாவாக அது தொடங்கியது. விமான நிலையம், துறைமுகம், தொலைத்தொடர்பு நிலையம் என்னும் மூன்றும் கூடிய நகரம் என்பதே அப்பெயரின் பொருள். பாடவந்த குழுவின் பெயரும் அன்று, பாட்டின் பெயரும் அன்று. நகராட்சியின் விளம்பரத் துண்டறிக்கையிலிருந்து எடுத்த பெயர்! முதல்நாள் பெருமழை. டீப் பர்ப்பிளும் டிரீம் தியேட்டரும் கொட்டும் மழையில் வாசித்தார்கள். மக்கள் சேற்றில் நின்று கேட்டார்கள். மறுநாள் விழாவே நிறுத்தப்பட்டது. அதன்பின் ஏழாண்டுகள் அந்தத் திடலில் விழா இல்லை. 2006இல் மீண்டும் எழுந்தபோது, நகரத்தின் ஆசை வளர்ந்து மூன்று 'போர்ட்' ஐந்தாகியிருந்தது. வணிகமும் பொழுதுபோக்கும் சேர்ந்துகொண்டன. பெயரும் பென்டாபோர்ட் ஆயிற்று. அன்றுமுதல் ஆண்டு தவறாமல் நடக்கிறது. கொரோனாக் காலத்தில் 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகள் மட்டும் இணையவழி நடத்தினார்கள்.

சோங்தோ என்பது தலைநகராகிய சியோலுக்கு வெளியே, கடலோரச் சேற்று நிலத்தைத் தூர்த்து எழுப்பிய புதிய நகர்ப்பகுதி. பக்கத்தில் பன்னாட்டு விமான நிலையம். எங்கும் கண்ணாடிக் கட்டடங்கள். இந்த விவரத்தைப் படித்தபோது எனக்குத் துரைப்பாக்கமும் பெருங்குடியும் நினைவுக்கு வந்தன. நாமும் பள்ளிக்கரணைச் சதுப்பில் பாதிக்குமேல் தூர்த்துவிட்டுத்தான் மென்பொருள் வளாகங்களைக் கட்டினோம். எஞ்சியதற்கு 2022இல் ராம்சர் தகுதி கிடைத்தது. அங்கும் இங்கும் நீர்ப்பறவைகளின் இடத்தில்தான் நகரம் எழுந்தது. அவர்கள் அந்த நிலத்தில் பாட்டுக்கு ஒரு திடல் விட்டார்கள். நாம் விட்டது குப்பைமேட்டுக்கு.

இனி, கவிஞர்களாகிய உங்களுக்கு நேரே தொடர்புடைய பகுதிக்கு வருகிறேன். அங்குள்ள பாடகர்கள் சொந்தச் சொல்லோடு மேடையேறும் உரிமையை எளிதில் பெறவில்லை. ஒலிபெருக்கியைப் பற்றியோ அரங்க ஒளியைப் பற்றியோ அங்கு நடந்த போராட்டம் அன்று அது. பாட்டின் வரிகளைப் பற்றியது.

கொரிய ராக் இசையின் தந்தை எனப் போற்றப்படும் ஷின் ஜுங்ஹியோன், அமெரிக்கப் படைமுகாம்களில் கிட்டார் வாசித்து வளர்ந்தவர். இராணுவத் தளபதியாயிருந்து ஆட்சியைப் பிடித்த பார்க் சுங்ஹீயைப் புகழ்ந்து ஒரு பாட்டு எழுதித் தரும்படி 1970களின் தொடக்கத்தில் அவரைக் கேட்டார்கள். அவர் மறுத்தார். தலைவரைப் பாடாமல் நாட்டின் மலைகளையும் ஆறுகளையும் பாடினார். நம் பாணர் மரபில் வந்தவர்களுக்கு இந்த மறுப்பின் எடை புரியும். 1975இல் கஞ்சா வழக்கில் அவரைக் கைது செய்தார்கள். 1979இல் பார்க் கொல்லப்படும் வரையில் அவர் மேடையேற முடியவில்லை. அதே 1975இல் கிம் மின்கி எழுதிய 'காலைப் பனி' என்னும் பாட்டும் தடைக்குள்ளாயிற்று. அதில் அரசியல் சொல் ஒன்றும் இல்லை. மாணவர்கள் ஊர்வலங்களில் அதைப் பாடினார்கள் என்பதே குற்றம். 1987இல் மக்களாட்சி கேட்டுத் தெருவுக்கு வந்த கூட்டம் அதைத்தான் பாடியது. கிம் மின்கி பிற்காலத்தில் சியோலில் ஹாக்சோன் என்னும் சிறு நாடக அரங்கை நடத்தி, எண்ணற்ற பாடகர்களுக்கும் நடிகர்களுக்கும் இடம்கொடுத்தார். அவ்வரங்கம் 2024 மார்ச்சில் மூடப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் அவரும் மறைந்தார்.

இராணுவ ஆட்சி போனபின்னும் முன்தணிக்கை போகவில்லை. இசைத்தட்டு வெளியாகும் முன் வரிகளை ஒரு குழுவிடம் காட்டி ஒப்புதல் பெறவேண்டும். ஜொங் தேசுன் என்னும் பாடகர் அதற்கு உடன்படவில்லை. 1990இலும் 1993இலும் ஒப்புதல் பெறாமலே தம் பாடல் தொகுப்புகளை வெளியிட்டார். அவரும் அவர் மனைவி பார்க் உன்னோக்கும் ஊர் ஊராகச் சென்று பாடி, ஒலிநாடாக்களைக் கையாலேயே மக்களிடம் சேர்த்தார்கள். வழக்கு வந்தது. அவர் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றார். 1996 அக்டோபரில் முன்தணிக்கை செல்லாது என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே சட்டம் திருத்தப்பட்டு அம்முறை எடுபட்டிருந்தது.

இடையில் 1995இல் நடந்தது ஒன்று. இளைஞர் உலகமே கொண்டாடிய சோ தைஜி என்னும் பாடகர், காலத்தின் மீது தமக்குள்ள மனக்குறையை ஒரு பாட்டாக எழுதினார். சில வரிகளை மாற்றும்படி தணிக்கைக் குழு கூறிற்று. நம்மில் பலர் என்ன செய்திருப்போம்? ஒரு சொல்லுக்கு ஈடாக மற்றொரு சொல்லைத் தேடியிருப்போம், அகராதியைப் புரட்டியிருப்போம். அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பாட்டிலிருந்த எல்லாச் சொற்களையும் எடுத்துவிட்டு, இசையை மட்டும் வெளியிட்டார். கேட்டவர்கள் அந்த வெற்றிடத்தைக் கேட்டார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்தது. முன்தணிக்கை ஒழிந்தபின், 1996இல் அதே பாட்டு தன் சொற்களோடு வெளிவந்தது.

அதே 1996இல் ஹோங்தே என்னும் கல்லூரிப் பகுதியில், ஒரு நிலவறைக் கூடத்தில் பாடிவந்த இளைஞர்கள் தம் முதல் பங்க் தொகுப்பை வெளியிட்டார்கள். 'கிரையிங் நட்' என்னும் குழு அவர்களுள் ஒன்று. மூன்றாண்டு கழித்து இஞ்சியோன் திடலின் பெயர்ப்பட்டியலிலும் அக்குழு இருந்தது. விழா வந்தபின் பாட்டு வரவில்லை என்பதை நோக்குங்கள். சொல்லுக்கு உரிமை கிடைத்தது. அதைப் பாட நிலவறை கிடைத்தது. திடல் பிறகு வந்தது. 1999இலேயே தொடங்கிய 'சம்ஜி' என்னும் இன்னொரு விழாவில் பெயரறியாத குழுக்களைத் தேர்ந்தெடுத்து மேடையேற்றி, அவர்களை 'மறைந்திருக்கும் ஆசான்கள்' என்று அழைத்தார்கள். பெயர் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2018 முதல் வட, தென் கொரியாக்களின் எல்லையை ஒட்டிய சொர்வோனில் 'அமைதி இரயில்' என்ற பெயரிலும் ஒரு விழா நடக்கிறது. பூசான் நகரத்து விழா 2018 வரையில் கட்டணமின்றியே நடந்தது. எல்லாவற்றையும் விவரிக்கப் புகுந்தால் இன்றைய இரவு போதாது.

நம் பக்கம் திரும்புவோம். நம்மிடம் திடல் இல்லை என்று யாரும் சொல்லவேண்டா. ஜார்ஜ் டவுனிலிருந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்கு வந்தது. அதன் முந்நூற்று அறுபத்தைந்து ஏக்கர்க் காட்டுக்குள் ஆண்டுதோறும் 'டீப் வுட்ஸ்' என்னும் கல்லூரி விழா நடக்கிறது. அதற்கு வடக்கே, கிண்டிக் காட்டின் துண்டாகிய ஐ.ஐ.டி. வளாகத்தில் 1974இல் 'மார்டிகிரா' என்ற பெயரில் தொடங்கிய விழா 1996 முதல் 'சாரங்' எனப் பெயர் மாறி நடக்கிறது. சுவீடன் நாட்டு 'ஒபெத்' குழுவே 2009இல் அங்கு வந்து பாடியிருக்கிறது. கிட்டார் வாசிப்பவருக்கும் இங்குப் பஞ்சமில்லை. பரங்கிமலையும் பல்லாவரமும் படைவீட்டுப் பகுதிகள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடங்கள். கொரியாவுக்கு அமெரிக்க முகாம் எப்படியோ, நமக்கு அப்பகுதிகள் அப்படி. ஏ.ஆர். ரகுமானே இளமையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்னும் ராக் குழுவில் இருந்தவர்தாம்.

ஆயின் நம் கல்லூரி விழாக்களின் போட்டி அட்டவணையைக் கவனித்திருக்கிறீர்களா? நெடுங்காலம் அதில் இரண்டு அறைகள். ஒன்றின் பெயர் மெல்லிசை: தமிழ், இந்தித் திரைப்பாடல்களை அச்சு மாறாமல் பாடுவது. மற்றொன்றின் பெயர் மேற்கத்திய இசை: குழுவாகச் சேர்ந்து ஆங்கிலப் பாட்டைப் பாடுவது. சொந்தமாகப் பாட்டு எழுதினால் கூடுதல் மதிப்பெண் உண்டு. அந்தச் சொந்தப் பாட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் பாடினால் அது பிறர் பாட்டு. சொந்தப் பாட்டென்றால் அது தமிழன்று. இந்தப் பிரிவை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. எந்தத் தணிக்கைக் குழுவும் நம் இளைஞரின் வாயிலிருந்து தமிழ்ச் சொல்லை எடுக்கவில்லை. வழக்கமே எடுத்துவிட்டது. சோ தைஜி சொற்களை நீக்கியபோது அந்நாடு கொதித்தது. நம் பிள்ளைகள் முப்பது நாற்பது ஆண்டுகள் தம் சொல் இல்லாமல் பாடியபோது, கவிஞர்களாகிய நமக்கு அது காதில் விழவே இல்லை.

தமிழ் ராக் இசைக்கு ஒத்துவராது என்று சொல்வோர் உண்டு. வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, சொல் நீள்கிறது, ஆங்கிலத்தைப் போல் ஓரசைச் சொல் இல்லை என்பார்கள். இதே வாதம் 1970இல் ஜப்பானில் பெரிதாக நடந்தது. அவர்களுக்கும் வினைமுற்று இறுதியில்தான். ஜப்பானிய மொழியில் ராக் பாட முடியுமா, ஆங்கிலத்தில்தான் பாட வேண்டுமா என்று இசை இதழ்களில் மோதிக்கொண்டார்கள். 'ஹாப்பி எண்ட்' என்னும் குழு தாய்மொழியிலேயே பாடிக்காட்டியது. வாதம் மெல்ல அடங்கிற்று. கொரிய மொழியின் அமைப்பும் அத்தகையதே. தமிழுக்கோ அவர்களுக்கில்லாத ஒரு வசதி இருக்கிறது. ராக் தாளத்தில் ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு. பெரிய முரசு பொதுவாக விழுவது முதல் தட்டிலும் மூன்றாம் தட்டிலும். நம் அளவடிக்குச் சீர் நான்கு. பொழிப்பு மோனை அமைவது முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும். முரசு விழும் இடத்தில் மோனை தானே வந்து நிற்கும். இதை யாப்பிலக்கண நூலில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கானா பாடுகிறவர்க்கு அது கையிலேயே இருக்கிறது. வியாசர்பாடியிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்து கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் தீப்பெட்டியில் தாளம் தட்டிப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு, நான் சொல்வது புரியும்.

பாட்டும் கவிதையும் நம்மிடத்தில் எப்போது பிரிந்தன? 1918இல் உ.வே.சா. பதிப்பித்த பரிபாடலைத் திறந்து பாருங்கள். கிடைத்த இருபத்திரண்டு பாடல்களில் பெரும்பாலானவற்றின் கீழே பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் மூன்றும் இருக்கின்றன. நன்னாகனார், பெட்டனாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் என்று இசை வகுத்தவர்களை நாம் பெயரோடு அறிவோம். பதினான்காம் பாடலில் பாட்டும் கேசவனார், இசையும் கேசவனார். இன்று 'சுயாதீனக் கலைஞர்' என்று எதைச் சொல்கிறோமோ அதற்கு நம் இலக்கியத்தில் பெயரோடு கிடைக்கும் சான்றுகளுள் அவர் ஒருவர். பாரதியும் தம் பாடல்களுக்கு இராகமும் தாளமும் குறித்தே வைத்தார். 1959இல் சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' வந்தபின், கவிதை அச்சுத்தாளின் அமைதிக்குள் போயிற்று. அந்தப் பயணத்தால் நமக்குக் கிடைத்தவை பெரியவை. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் போகும்போது பாட்டைத் திரைப்படத்தாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனோம். பிறகு அவர்களிடமே, ஏன் பாட்டு இப்படி இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டோம்.

எல்லோரும் அப்படிப் போய்விடவில்லை. இதோ, சில நிலையங்கள் தள்ளி, ஊரப்பாக்கத்தில் வாழ்ந்த இன்குலாப். வெண்மணிக் கொடுமையின் நெருப்பிலிருந்து எழுந்த அவருடைய 'மனுசங்கடா' பாட்டைக் கே.ஏ. குணசேகரன் பறையோடு பாடினார். அச்சில் படித்தவர்களைவிட அதைக் காதால் கேட்டவர்கள் பன்மடங்கு. இருவருமே 2016இல் மறைந்தார்கள். நம் வட்டத்தில் இன்குலாபின் கவிதைகளைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அப்பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டதில்லை.

பிற்பாடு வந்தவர்கள் வேறு வழிகளில் முயன்றார்கள். 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி குழுவினரின் 'வல்லவன்' வந்தது. தமிழில் ராப் பாடலாம் என்று இங்குள்ள இளைஞர்கள் அதிலிருந்து கற்றார்கள். சென்னையில் 'குரங்கன்', 'லா பொங்கல்' முதலிய குழுக்கள் எழுந்தன. ஷான் ரோல்டன், பிரதீப் குமார், அந்தோணி தாசன் ஆகியோர் இந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். பெயர்களைக் கேட்டவுடன் உங்களுக்குத் திரைப்படங்களே நினைவுக்கு வரும். அதுதான் இங்குள்ள சிக்கல். குளத்தில் மீன் கொஞ்சம் பெரிதானதும் வலை வந்துவிடுகிறது. போனவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வாடகை கொடுக்கவேண்டுமல்லவா? சொந்தப் பாட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு மேடையும், கேட்கக் காத்திருக்கும் கூட்டமும் இருந்திருந்தால், அவர்கள் இரண்டு இடத்திலும் கால் வைத்து நின்றிருப்பார்கள்.

அத்தகைய மேடை இப்போது மெல்ல உருவாகி வருகிறது. 2015இல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவிலேயே விழா எடுத்தார்கள். சபாக்களின் இசையும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. 2017 ஜனவரியில் கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடிய 'புறம்போக்கு' பாட்டு, எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைக் கருநாடக இசையிலும் சென்னைப் பேச்சுத் தமிழிலும் சொன்னது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில், ப. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்சும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை மேடையேற்றின. ஏறத்தாழ இருபது பேர். பறை, சட்டி, மோளம் ஒருபுறம், மின்கிட்டார் மறுபுறம், நடுவில் கானாவும் ராப்பும். பெயருக்கு வேர் அயோத்திதாசப் பண்டிதர். சொல் முழுதும் தமிழ். கல்லூரி விழாக்களின் இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த சுவர் அன்று இடிந்தது என்றே நான் கருதுகிறேன். 2020 டிசம்பர் முதல் அதே அமைப்பினர் 'மார்கழியில் மக்களிசை' நடத்தத் தொடங்கினர். 2021இல் மதுரையிலும் கோவையிலும் கூட நடந்தது. பென்டாபோர்ட்டுக்கு நம்மிடம் அண்மைய உறவு எது என்று கேட்டால், நான் சாரங்கைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன். அரசும் 2007இல் தொடங்கி இடையில் நின்ற சென்னை சங்கமத்தை 2023 முதல் மீண்டும் நடத்துகிறது. அது நாட்டார் கலைகளுக்கு நல்ல மேடை, ஆயினும் நான் பேசும் பொருள் அதனின்று சற்று வேறு.

இத்தனையிலும் நம் போன்ற இலக்கிய வட்டத்தார் எங்கே இருந்தோம்? பார்வையாளர் வரிசையில்கூட அதிகம் இல்லை. காரணம் வெறும் அலட்சியம் அன்று. ஓர் உண்மையான கருத்து வேறுபாடு உள்ளே இருக்கிறது. அண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியால் அதை விளக்குகிறேன். சேலையூர்ப் பக்கத்து இளைஞர் நால்வர் ஓர் இசைக்குழு நடத்துகிறார்கள். ஒருவர் ஒரகடத்தில் பணிமுறை வேலை, ஒருவர் பெருங்குடியில் மென்பொருள், இருவர் மாணவர். நம் உறுப்பினர் ஒருவர் பள்ளிக்கரணையைப் பற்றி எழுதிய பன்னிரண்டு வரிக் கவிதையை அவர்களுக்குக் கொடுத்தேன், கவிஞரின் இசைவோடுதான். மூன்று வாரம் கழித்துப் பாடிக்காட்ட அழைத்தார்கள். பன்னிரண்டு வரியில் நான்கு வரியே எஞ்சியிருந்தது. அதில் ஒரு வரியை ஒன்பது முறை பாடினார்கள். கவிஞரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அதைவிடப் பெரிய பூசல் ஒரு சொல்லைப் பற்றி எழுந்தது. கவிதையில் 'சதுப்பு நிலம்' என்று இருந்தது. பாட்டில் அதை எடுத்துவிட்டுக் 'கழுவெளி' என்று பாடினார்கள். அந்தக் குழுவில் முரசு வாசிக்கும் பிள்ளையின் பாட்டி பெரும்பாக்கத்துக்காரர். அவர் அந்த இடத்தை அப்படித்தான் சொல்வாராம். அங்குள்ள பழைய மக்கள் எல்லோரும் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 'சதுப்பு' என்றால் பகரம் இரட்டித்துக் குரலை வெட்டுகிறது, 'கழுவெளி' என்றால் நான்கும் குறிலாய் ஓடிவிடுகிறது என்றார் அந்தப் பிள்ளை. நிரைநிரை கருவிளம் என்று நாம் சொல்வதை அவர் தம் கைக்கோலால் தட்டிச் சொன்னார். கவிஞர் ஒப்பவில்லை. சதுப்பு நிலம் என்பதில் சேற்றின் தடை இருக்கிறது, கால் புதைவது ஒலியிலேயே இருக்கிறது, அதை எடுத்தால் கவிதை போயிற்று என்றார். இருவர் சொன்னதும் சரி. தாளில் கவிஞர் வெல்கிறார். குரலில் பிள்ளை வெல்கிறார். அன்று இரவு ஒன்பது மணி வரையில் சொல் எதுவென்று வாதிட்டோம். நம் மாதக் கூட்டங்களில் ஒரு சொல்லுக்காக அவ்வளவு நேரம் யாரும் சண்டையிட்டு நான் பார்த்ததில்லை. இன்றுவரை அவர்கள் உடன்பாட்டுக்கு வரவில்லை. பாட்டு மட்டும் இரண்டு இடங்களில் பாடப்பட்டுவிட்டது.

திரும்பத் திரும்ப ஒரே வரி வருவதை நம்மவர்கள் சொல்வறுமை என்று எண்ணுகிறார்கள். குரவையில் மடக்கி மடக்கிப் பாடியதும், சிந்தில் கண்ணி தோறும் ஒரே முடிவு வந்ததும் வறுமையா? ஒன்பதாம் முறை கேட்கும்போது கேட்பவரும் பாடத் தொடங்குகிறார். இஞ்சியோன் திடலில் பல்லாயிரவர் ஒரே வரியைப் பாடுகிறார்கள் என்றால், அந்த வரி அதன்பின் எழுதியவருக்கு மட்டும் சொந்தமன்று. கவிஞருக்கு அச்சம் தருவது அதுதான் என்று நினைக்கிறேன்.

தாம்பரத்தில் பெருவிழா எடுப்போம் என்று நான் சொல்லவரவில்லை. 2021இல் மாநகராட்சியான நம் ஊரில் பூங்காக்களும் மைதானங்களும் உண்டு. ஒலிபெருக்கி அனுமதியும் செலவும் பற்றி அறிந்தவர்கள் இங்கிருக்கிறார்கள். அது பின்னர் ஆகட்டும். கொரியாவில் நிலவறைக்குப் பிறகே திடல் வந்தது என்றேன். நம் மாதக் கூட்டம் நடக்கும் இந்த அறையே அதற்குப் போதும். மின்விசிறியின் ஓசையை மட்டும் நிறுத்தவேண்டும்.

செயற்குழுவின் முன் இரண்டு வேண்டுகோள்கள் வைத்திருக்கிறேன். வரும் மாதத்திலிருந்து கூட்டத்தின் கடைசி அரைமணி நேரம் சொந்தப் பாட்டுக்கு உரியதாகட்டும்: எழுதியவரும் பாடுகிறவரும் எதிரெதிரே அமரவேண்டும், சொல்லை மாற்றச் சொல்லும் உரிமை இருபுறமும் உண்டு. அடுத்து வரும் நம் மலரில் கவிதைகளோடு பாட்டுகளும் அச்சேறட்டும். அவற்றின் கீழே பாடியவர் பெயரோடு, பரிபாடல் ஏட்டில் உள்ளதுபோல், இசை வகுத்தவர் பெயரும் இருக்கவேண்டும். சேலையூர்ப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டேன். இரண்டாம் ஞாயிறு பணிமுறை இல்லை, வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கழுவெளியா, சதுப்பு நிலமா என்பதை அன்று அவர்களே பாடட்டும். கவிஞரும் வருவதாக வாக்களித்திருக்கிறார்.